எஸ்ஆர்ஜிபி நிறவெளி

எஸ்ஆர்ஜிபி என்பது படப்புள்ளியின் சிவப்பு, பச்சை, நீல எண்கள் குறிக்கும் நிறத்தை வரையறுக்கும் சீர்தர நிறவெளி ஆகும். இதனை எச்பி, மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் 1996 இல் முன்மொழிந்தன. 1999 இல் இது பன்னாட்டுச் சீர்தரமானது.

இணையத்தில் பயன்பாடு

எண்ணிமப் படக்கருவியின் ரா கோப்பில் உணரி பதிந்த ஒளியளவுகளே உள்ளன. ஜேபெக் ஆக மாற்றும்போதே நிறவெளி தரப்படுகிறது. அகன்ற அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் சேமித்த படத்தில் நிற விவரக்கோப்பு இல்லையெனில், உலாவிகள் பொதுவாக அதனை எஸ்ஆர்ஜிபி எனக் கொள்ளும். நிறங்கள் மங்கித் தோன்றும். எனவே படத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, விவரக்கோப்பை உட்பொதிப்பர்.

முறையாக மாற்றும்போது எண்கள் மாறும், தோற்றம் பெரும்பாலும் மாறாது. விவரக்கோப்பை மட்டும் மாற்றினால் எண்கள் மாறா, தோற்றம் மாறிவிடும். எஸ்ஆர்ஜிபி எல்லைக்கு வெளியேயுள்ள நிறங்கள் மாற்றத்தில் இழக்கப்படுவதால், மூல ரா கோப்பைப் பேணுதல் வேண்டும்.