ஆண்கள் உள்ளே வந்தபோது

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி என்றதும் நமக்குச் சொல்லப்படுவது ஒரே ஓர் இரவின் கதை. 1890களில் திண்டிவனம். பிரசவத்தில் தவிக்கும் மூன்று பெண்கள். ஆண் மருத்துவரை ஏற்க மறுக்கும் மூன்று குடும்பங்கள். மூவரும் இறந்துபோகிறார்கள். அதைக் கண்ட ஐடா ஸ்கடர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்புகிறார். இந்தக் கதையில் சாகிற இந்தியப் பெண்கள் இருக்கிறார்கள், காப்பாற்ற வரும் வெள்ளைக்காரப் பெண் இருக்கிறார். மருத்துவம் கற்ற இந்தியப் பெண் மட்டும் இல்லை.

ஹில்டா மேரி லாசரஸ் அப்படிப்பட்ட ஒருவர். 1890இல் விசாகப்பட்டினத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். டஃபரின் நிதியின் கீழ் இயங்கிய பெண்கள் மருத்துவப் பணியில் அப்போது ஐரோப்பியப் பெண்களே நிறைந்திருந்தார்கள். அதில் நியமிக்கப்பட்ட முதல் இந்தியப் பெண் இவர். ஊர் ஊராக மாற்றலாகிப் போனார். போன இடத்து மொழியைக் கற்றார், தாதிகளையும் மருத்துவச்சிகளையும் பயிற்றுவித்தார். 1940இல் தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரிக்கு முதல் இந்திய முதல்வரானார். பின்னர் அந்தப் பெண்கள் மருத்துவப் பணிக்கே தலைமை ஏற்றார். முப்பது ஆண்டு வேலையை நான்கு வரியில் சொல்லிவிட்டேன். அவர் வேலூருக்கு வந்த நேரம்தான் முக்கியமானது.

1918இல் ஐடா வேலூரில் தொடங்கியது பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அது தந்தது எல்.எம்.பி., பட்டமல்ல, அதற்குக் கீழான உரிமச் சான்று. 1922இல் முதல் அணியில் 14 பேர் தேறினார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் வணிகக் குடும்பங்களின் பெண்கள் கோஷாவில் இருந்தார்கள். அவர்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்பதே எப்போதும் சொல்லப்பட்ட காரணம். தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்ற தலித் தொழிலாளிகளின் வீட்டுப் பெண்களுக்கோ கோஷாவும் இல்லை, மருத்துவரும் இல்லை. வாரந்தோறும் குடியாத்தம் சாலையோரம் மரத்தடியில் வண்டி நிறுத்தி மருந்து கொடுத்த ஐடாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு எல்.எம்.பி. படிப்பைக் கைவிட முடிவு செய்தது. எம்.பி.பி.எஸ். நடத்து, இல்லையேல் மூடு என்ற நிலை. எம்.பி.பி.எஸ். என்றால் கூடுதல் படுக்கைகள், ஆய்வகங்கள், பேராசிரியர்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம். ஆண்களையும் சேர்த்தால் பல மிஷன்கள் கூடித் தாங்கும் என்ற யோசனை வந்தது. கீழை நாட்டுப் பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்காவில் நிதி திரட்டிய லூசி பீபாடி இதைக் கடுமையாக எதிர்த்தார். பெண்கள் பெண்களுக்காகக் கொடுத்த பணம் அது என்பது அவர் வாதம். ஐடா தயங்கினார், பிறகு உடன்பட்டார். 1942இல் எம்.பி.பி.எஸ். தொடங்கியது. 1947இல் ஆண்கள் வந்தார்கள்.

பீபாடியைப் பிடிவாதக்காரி என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அவர் பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆண்களுக்கான கல்லூரி ஒன்று பணமில்லாமல் தவித்தபோது, பெண்களைச் சேர்த்தால்தான் பிழைப்பாய் என்று யாரும் நிபந்தனை வைத்ததாக நான் படித்ததில்லை. ஆனால் கதவை மூடிக்கொண்டிருந்தால் பட்டம் பெற்ற பெண் மருத்துவர்களும் வேலூரிலிருந்து வந்திருக்க மாட்டார்கள்.

இந்த நேரத்தில்தான், 1948இல், ஹில்டா லாசரஸ் கல்லூரியின் முதல் இந்திய இயக்குநரானார். வாழ்நாள் முழுதும் பெண்களுக்கான மருத்துவமனைகளிலும் பெண்களுக்கான கல்லூரியிலும் வேலை செய்தவர். இப்போது ஆண் மாணவர்களும் வெளிநாட்டு மருத்துவர்களும் பல மிஷன்களும் கூடிய ஒரு நிறுவனத்தை நடத்த வேண்டியிருந்தது. ஐடா ஓய்வு பெற்றிருந்தாலும் ஊரே அவரை அம்மா ஸ்தானத்தில் வைத்திருந்தது. அந்த நிழலில் உட்கார்ந்து வரவு செலவு பார்ப்பதும், ஆள் சேர்ப்பதும், பல்கலைக்கழகத்துக்குப் பதில் எழுதுவதும் கதையாக மாறாத வேலைகள். ஆறு ஆண்டுகள் அதைச் செய்தார்.

1954இல் வேலூரை விட்டுச் சென்றார். 1961இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 1978இல் இறந்தார். மூன்று பெண்கள் இறந்த அந்த இரவை மட்டும் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.