கை நீட்டினா நின்ன வண்டிகள்: விருதுநகர் – சிவகாசி ரோட்டில் லிஃப்ட்டின் கதை

இன்னைக்கு எபிசோட் லிஃப்ட் பத்தி. அபார்ட்மென்ட்ல பட்டன் அமுக்குற லிஃப்ட்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது ரோட்டோரம் நின்னு, வர்ற வண்டிக்குக் கையை நீட்டி, "அண்ணே, போற வழியில இறக்கி விட்ருங்க" என்று கேட்கிற லிஃப்ட்.

நான் விருதுநகர் பக்கத்து ஆள். 2014ல இருந்து 2018 வரைக்கும் இன்ஜினியரிங் படிச்ச நாலு வருஷமும் சாயங்காலம் வீடு போய்ச் சேர்ந்தது பாதி பஸ்ல, பாதி லிஃப்ட்ல. மெயின் ரோட்டுல இருந்து எங்க ஊர் நாலு கிலோமீட்டர் உள்ள. டிவிஎஸ் எக்ஸ்எல்ல புல்லுக்கட்டோட போற தாத்தா ஏத்திக்குவாரு. பட்டாசு ஆலையில வேலை முடிச்சு வர்ற அண்ணன்மார் ஏத்திக்குவாங்க. அவங்க சட்டையில அலுமினியப் பவுடர் வெள்ளி மாதிரி மின்னும். பின்னாடி உட்கார்ந்துட்டு வந்தா நம்ம சட்டையிலயும் ஒட்டிக்கும். வீட்ல அம்மா சட்டையைப் பார்த்ததும், "யாரு வண்டில வந்த?" என்று கேட்பாங்க.

எங்க அப்பா கதை வேற லெவல். 1980கள்ல சாத்தூர்ல இருந்து மதுரைக்கு தீப்பெட்டி பண்டல் ஏத்திட்டுப் போற லாரியில, டிரைவர் பக்கத்துல உட்கார்ந்து போனவர். இப்போ அதே ரோட்டுல நின்னு கை நீட்டுங்க பார்ப்போம். ஒரு லாரியும் நிக்காது. ஏன் நிக்காதுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடத் தேட, "அந்தக் காலத்துல மனுஷங்க நல்லவங்க" என்கிற பதில் எனக்குப் போதலை.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம், லாரிக்கும் முன்னாடி, மாட்டுவண்டிக் காலத்துக்கு. 19ஆம் நூற்றாண்டுல திருநெல்வேலிச் சீமையில இருந்து வடக்கே வந்த நாடார் வியாபாரிகள் சிவகாசி, விருதுப்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்கள்ல வேரூன்றினாங்க. விருதுப்பட்டிதான் 1923ல விருதுநகர்னு பேர் மாறிச்சு. அன்னைக்கு வழியெல்லாம் திருட்டு பயம். தனி வண்டியா போக முடியாது, வரிசையா சேர்ந்துதான் போகணும். ராத்திரி தங்க மதில் வச்ச 'பேட்டை' கட்டினாங்க. மாடு, வண்டி, சரக்கு, ஆள் எல்லாம் உள்ள. செலவுக்கு சரக்கு மேல 'மகமை'னு ஒரு பங்கு வசூல் பண்ணினாங்க. அந்த மகமைப் பணத்துலதான் பின்னாடி பள்ளிக்கூடங்களும் வந்துச்சு. ராபர்ட் ஹார்ட்கிரேவ் நாடார்கள் பத்தி 1969ல எழுதின புத்தகத்துல இது விரிவா இருக்கு.

இங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு. பேட்டை ஒரு நம்பிக்கை அமைப்பு. ஆனா அந்த நம்பிக்கை முதல்ல தன் ஆட்களுக்குள்ள இருந்த நம்பிக்கை. பாஷையில சொன்னா, லாகின் இருந்தாதான் உள்ள வரலாம். இந்த லாகின் விஷயம் கதை முழுக்க வரும்.

அடுத்து தீப்பெட்டி. 1920களின் தொடக்கத்துல சிவகாசியில இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. 1940கள்ல பட்டாசு பெருகிச்சு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேணும். அதனால அச்சகம் வந்துச்சு. மூணு தொழிலுக்கும் சரக்கு உள்ள வரணும், வெளிய போகணும். அதுக்கு லாரி வேணும். மழை குறைஞ்ச கரிசல் பூமியில, ஊருக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான் பஸ் வரும் என்கிற காலத்துல, லாரிகள் மட்டும் ராப்பகலா ஓடிச்சு. லிஃப்ட் பிறந்தது இந்த இடைவெளியிலதான்.

அப்பா சொல்ற லாரி லிஃப்ட் முழு ஓசி கிடையாது. பஸ் டிக்கெட்டை விடக் கம்மியா ஏதோ ஒரு காசு டிரைவர் கையில கொடுக்கணும். டிரைவருக்கு அது டீச் செலவு. அதைவிட முக்கியம், ராத்திரி வண்டியில தூக்கம் வராம பேச்சுத் துணைக்கு ஒரு ஆள். ஏறினதும் முதல் கேள்வி, "எந்த ஊரு?" ரெண்டாவது கேள்வி, "யாரு மகன்?" மூணாவதா, "அந்த ஊர்ல எந்தத் தெரு?" நம்ம ஊர்க்காரங்களுக்கு அந்த மூணாவது கேள்விக்கு அர்த்தம் தெரியும். தெரு பேர் சொன்னா ஜாதி தெரிஞ்சிடும்.

அதனால லிஃப்ட் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைச்சதில்லை. வண்டியில ஒண்ணா உட்கார்றது நம்ம நாட்டுல எப்பவுமே பெரிய விஷயம். 1901 வாக்குல, சின்னப் பையனா இருந்த அம்பேத்கரும் அவர் சகோதரரும் சகோதரி மகன்களும் அப்பாவைப் பார்க்க கோரேகானுக்குக் கிளம்பி, மசூர் ரயில் நிலையத்துல இறங்கி மாட்டுவண்டி தேடினாங்க. அவங்க தீண்டத்தகாத சாதின்னு தெரிஞ்சதும் எந்த வண்டிக்காரரும் வரலை. கடைசியில ஒருத்தர் ரெண்டு மடங்கு வாடகைக்கு ஒத்துக்கிட்டார், அதுவும் பசங்களே வண்டியை ஓட்டணும், அவர் கூட நடந்து வருவார் என்கிற நிபந்தனையோட. அம்பேத்கரே இதைத் தன் நினைவுக் குறிப்புகள்ல எழுதியிருக்கார்.

அது மகாராஷ்டிரான்னு நினைக்க வேண்டாம். நம்ம மாவட்டத்துல 1997ல நடந்ததைப் பாருங்க. அந்த வருஷம் விருதுநகரைத் தலைமையிடமா வச்சு ஒரு புது அரசுப் போக்குவரத்துக் கழகம் அறிவிச்சாங்க. பேர், வீரன் சுந்தரலிங்கம் போக்குவரத்துக் கழகம். சுந்தரலிங்கம் கட்டபொம்மன் படையில தளபதியா இருந்து வெள்ளைக்காரங்களை எதிர்த்தவர்னு போற்றப்படுறவர். தேவேந்திரகுல சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தப் பேர் போட்ட பஸ்ஸுல ஏற மாட்டோம்னு எதிர்ப்பு கிளம்பிச்சு, கலவரம் ஆச்சு, உயிர் போச்சு. கடைசியில ஜூலை மாசம் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்கள்ல இருந்தும், மாவட்டங்கள்ல இருந்தும் தலைவர்கள் பேரையே எடுத்துடுச்சு. பாண்டியன், கட்டபொம்மன், சேரன், சோழன் எல்லாம் போய் இன்னைக்கு நாம பார்க்கிற தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்னு ஒரே பேர் ஆச்சு. காமராஜர் மாவட்டமா இருந்த நம்ம மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆச்சு. பஸ்ஸோட பக்கவாட்டுல எழுதின ஒரு பேருக்கே இவ்வளவுன்னா, பக்கத்து சீட்ல யாருன்னு கேட்கிற கேள்விக்கு எவ்வளவு கனம் இருந்திருக்கும்?

இதே ரோட்டுல இன்னொரு ஓசி வண்டியும் ஓடிச்சு. தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளோட பஸ். விடியறதுக்கு முன்னாடியே கிராமம் கிராமமா வந்து ஆள் ஏத்திக்கும். அதுல நிறையப் பேர் குழந்தைங்க. தூக்கக் கலக்கத்துலயே ஏறி, இருட்டுன பிறகு இறங்கினவங்க. 1976லயே தமிழக அரசு கேட்டு ஹர்பன்ஸ் சிங் இந்தத் தொழில்கள் பத்தி அறிக்கை கொடுத்தார். 1986ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. சிவகாசியை வச்சுத் தொடுத்த எம்.சி. மேத்தா வழக்குல உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர்ல பெரிய தீர்ப்பு கொடுத்துச்சு. பழைய வண்டிகளை நினைச்சு ஏங்கும்போது, காசு வாங்காம வாசலுக்கே வந்த இந்த பஸ்ஸையும் சேர்த்துத்தான் நினைக்கணும்.

இப்போ பெண்கள். எங்க அம்மாகிட்ட, "நீங்க எப்பவாச்சும் லிஃப்ட் கேட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன். சிரிச்சாங்க. "நாங்க நடந்தோம்" என்றாங்க. அவ்வளவுதான் பதில். அப்பாவுக்கு லாரி கதை நூறு இருக்கு. அம்மாவுக்கு நடந்த கதைதான். அதே ஊர், அதே ரோடு, அதே வருஷங்கள். அம்மா மாதிரி பெண்களுக்கு விஷயத்தை மாத்தினது 2021 மே மாசம். அரசு சாதாரண நகரப் பேருந்துகள்ல பெண்களுக்குக் கட்டணமில்லைன்னு அறிவிச்சாங்க. யார்கிட்டயும் கை நீட்ட வேண்டாம், யாரு மகள்னு சொல்ல வேண்டாம். நம்ம ஊர்ல லிஃப்ட் கலாசாரத்தோட இடத்தை நியாயமா எடுத்துக்கிட்ட ஒரே விஷயம் எதுன்னு கேட்டா, நான் அந்த டிக்கெட்டைத்தான் சொல்லுவேன்.

சரி, லாரி ஏன் நிக்கிறதில்லை? மூணு காரணம் சொல்றேன்.

ஒண்ணு, ரோடு. விருதுநகர், சாத்தூர் வழியா போற பழைய என்ஹெச் 7, இப்போ என்ஹெச் 44, நாலுவழிச் சாலையா மாறிச்சு. முன்னாடி ரோடு ஊருக்குள்ள புகுந்து வரும். டீக்கடை முன்னாடி வேகம் குறையும். அப்போ டிரைவர் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். இப்போ ஊர் ஒரு பக்கம், பைபாஸ் ஒரு பக்கம். எண்பதுல போற வண்டிக்கு நீங்க ஒரு மைல்கல் மாதிரிதான்.

ரெண்டு, இன்ஷூரன்ஸ். இது யாரும் பேசாத காரணம். சரக்கு வண்டியில சும்மா ஏறிப்போன ஆள் விபத்துல செத்தா யார் நஷ்டஈடு கொடுக்கணும்? 1994ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, சரக்குக்குச் சொந்தக்காரரோ அவர் அனுப்பின ஆளோ வண்டியில இருந்தா காப்பீடு உண்டுன்னு சேர்த்தாங்க. லிஃப்ட் கேட்டு ஏறினவர் அதுல வரலை. 1999ல உச்ச நீதிமன்றம் சத்பால் சிங் வழக்குல அவருக்கும் காப்பீடு உண்டுன்னு சொல்லிச்சு. 2002 டிசம்பர்ல ஆஷா ராணி வழக்குல அதைத் திருப்பிடுச்சு. 2004ல பல்ஜித் கௌர் வழக்குல, பொறுப்பு வண்டி உரிமையாளருக்குத்தான்னு தெளிவாக்கிடுச்சு. 2006ல திலக் சிங் வழக்குல, சட்டத்துக்குத் தேவையான குறைஞ்சபட்ச பாலிசி மட்டும் இருந்தா பைக்ல பின்னாடி உட்கார்ந்தவருக்கும் காப்பீடு கிடையாதுன்னு ஆச்சு. லாரி ஓனர் கணக்குல யோசிங்க. டிரைவர் இரக்கப்பட்டு ஒருத்தரை ஏத்தினா, ஏதாவது ஆச்சுன்னா லாரியை வித்துத்தான் நஷ்டஈடு கட்டணும். அப்புறம் எந்த ஓனர் ஏத்தச் சொல்லுவார்? நம்ம பக்கம் பட்டாசு லோடு வேற. வெடிபொருள் வண்டியில வெளியாளை ஏத்தவே கூடாது, அது சரியான விதியும் கூட.

மூணாவது காரணம் சந்தோஷமானது. ஆளாளுக்கு வண்டி வந்துச்சு. 1980ல வந்த டிவிஎஸ் 50, ரெண்டு பேர் உட்கார்ற மொபெட். முதல்ல அது லிஃப்ட்டைப் பெருக்கிச்சு, ஏன்னா பின் சீட் காலியா இருந்துச்சு. அப்புறம் வீட்டுக்கு ஒண்ணு வந்ததும் கேட்கிற ஆளே குறைஞ்சு போச்சு. செருப்பு போட்டு, சைக்கிள்ல ஏறி சில தெருக்கள் வழியா போகக்கூடாதுன்னு தடை இருந்த ஊர்கள்ல, சொந்தமா ஒரு வண்டி எடுக்கிறதுக்கு வேற அர்த்தமும் உண்டு. லிஃப்ட் கேட்கத் தேவையில்லாம போறது அவங்களுக்கு இழப்பு இல்ல, மரியாதை.

வெளிநாட்டுல சில அரசாங்கங்கள் லிஃப்ட்டை ஒரு சிஸ்டமாவே நடத்தியிருக்கு. போலந்துல 1950களின் கடைசியில லிஃப்ட் கேட்கிறவங்களுக்கு கூப்பன் புத்தகம் கொடுத்தாங்க. எவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போனாங்களோ அவ்வளவு கூப்பனை டிரைவருக்குக் கொடுக்கணும். சேர்த்து வச்ச டிரைவருக்குப் பரிசு. கியூபாவுல 1990கள்ல பெட்ரோல் பஞ்சம் வந்தப்போ, மஞ்சள் உடை போட்ட ஊழியர்கள் ரோட்டுல நின்னு அரசு வண்டிகளை நிறுத்தி, வரிசையில நிக்கிறவங்களை ஏத்தி விட்டாங்க. அங்க "யாரு மகன்?" கிடையாது. வரிசையில அடுத்தது யார், அவ்வளவுதான்.

நமக்கு அந்த வேலையை ஆப் செய்யுதுன்னு சொல்லலாம். 2015ல ப்ளாப்ளாகார் இந்தியாவுக்கு வந்துச்சு, அதே வருஷம் ராபிடோ தொடங்கினாங்க. அஞ்சு ஸ்டார் பார்த்து ஏறுறோம். தெரு பேர் கேட்கிறதை விட ஸ்டார் எவ்வளவோ மேல், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா ஹெட்போன் மாட்டிட்டு ஏறி, ஓடிபி சொல்லிட்டு, இறங்கிப் போயிடுறோம். பேச்சே கிடையாது. பட்டாசு ஆலையில பவுடரைக் கையாளும்போது ஏன் பருத்தித் துணிதான் போடணும், மழைக்காலத்துல ஏன் காயவைக்கிற வேலை நின்னு கூலி குறையுது, இதெல்லாம் எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லலை. எக்ஸ்எல் பின் சீட்ல உட்கார்ந்து கேட்டதுதான்.

அதனால லிஃப்ட் செத்துப் போச்சேன்னு நான் அழப் போறதில்லை. அது பஸ் இல்லாத ஊரோட ஒட்டுப்போட்ட ஏற்பாடு; பாதி ஜனத்தைக் கீழேயே விட்டுட்டுப் போன ஏற்பாடு. இன்னமும் எங்க ஊர் விலக்குல சாயங்காலம் யாராவது நிப்பாங்க, பெரும்பாலும் ஸ்கூல் பசங்க. நான் ஊருக்குப் போறப்போ நிறுத்துவேன். என் பாலிசி பின்னாடி உட்கார்றவருக்கும் சேர்த்து எடுத்தது. உங்களோடதையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க. எந்தப் பள்ளிக்கூடம், என்ன படிக்கிறனு கேட்பேன். தெரு பேர் கேட்கிறதில்லை.

உங்க வீட்லயும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. அப்பாகிட்ட, "அந்தக் காலத்துல எந்தெந்த வண்டியில போனீங்க?" அப்புறம் மறக்காம அம்மாகிட்டயும் அதையே கேளுங்க. ரெண்டு பதிலையும் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.