மூச்சு வாங்கும் ஜீப்

போடிநாயக்கனூரில் ஒரு ஒர்க்‌ஷாப். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய மஹிந்திரா டீசல் ஜீப் ஒன்று பானெட்டைத் திறந்தபடி நின்றது. காலையில் நாலு பேர் தள்ளினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. மேட்டில் திணறல். வழியெல்லாம் நீலப் புகை. ஓனர் முகத்தில் ஒரே கேள்வி: செலவு செய்து என்ஜினை இறக்குவதா, பழைய இரும்புக்குப் போடுவதா?

மெக்கானிக் என்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று புகை!

‘‘பேக் கம்ப்ரஷன் அடிக்குதுண்ணே. வண்டிக்கு மூச்சு இல்ல’’ என்றார்.

மூச்சு! அந்த ஒரு வார்த்தையில் நூறு வருஷத்துக்கும் மேலான சரித்திரம் அடக்கம்.

சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறீர்களா? வேகமாக அடித்தால் பம்ப்பின் அடிப்பக்கம் சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும், அவ்வளவுதான் விஷயம். பெட்ரோல் என்ஜினுக்குப் பொறி கொடுக்க ஸ்பார்க் பிளக் வேண்டும். காற்றை மட்டும் பலமாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைத்தால் என்ன என்று யோசித்தவர் ருடால்ஃப் டீசல். 1858-ல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியர்.

யோசனை எளிது, செய்வதுதான் பெரும்பாடு. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், 1893 ஆகஸ்டில் முதல் சோதனை. உள்ளே எரிபொருள் பற்றியதும், அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. டீசல் தப்பினார். அதைவிடப் பெரிய தலைவலி, அழுத்திய காற்று பிஸ்டன் ஓரமாகக் கசிந்தது! அதைப் பிடித்து நிறுத்தப் போராடி, 1897-ல்தான் ஜெயித்தார். எரிபொருளின் சக்தியில் சுமார் 26 சதவீதம் வேலையாக மாறியது. அன்றைய சாதாரண நீராவி என்ஜின்கள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆனாலும் மனிதர் கடனில் சிக்கினார். 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போனவர், ராத்திரியில் காணாமல் போனார். பிறகு கடலில்தான் அவர் உடல் கிடைத்தது.

ஜீப்பின் கதை தனி. இரண்டாம் உலகப் போருக்காகப் பிறந்த அதற்கு இருந்தது பெட்ரோல் என்ஜின். அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்கள், 1947-ல் மஹிந்திரா மூலம் பாகங்களாக பம்பாய் வந்து இறங்கின. 1979-ல் பிரான்ஸின் பெஜோ நிறுவனத்தோடு டீசல் என்ஜினுக்கு ஒப்பந்தம். நாலு சிலிண்டர், 2,112 சி.சி. பெட்ரோலுக்குக் காசு கொட்டி மாளாத மலைக்காட்டுக்கு, நாலு சக்கரமும் இழுக்கும் டீசல் ஜீப் வரமாக அமைந்தது.

சரி, நம்ம ஜீப்புக்கு வருவோம். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், சிலிண்டர் சுவரில் கோடு கோடாகக் கீறல். ரிங் தேய்ந்து, அழுத்திய காற்று கீழே இறங்குகிறது. ஆயில் மேலே ஏறி நீலப் புகையாகிறது. காற்றில் சூடு போதாததால், காலையில் டீசல் பற்றுவதில்லை. போரைக் கடைய வேண்டும், பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டும், வால்வைத் தேய்த்து உட்காரவைக்க வேண்டும், நாசிலைச் சோதிக்க வேண்டும். இதில் முக்கால்வாசி, அன்று டீசல் பட்ட அதே பாடுதான்: காற்றைத் தப்பவிடாமல் பிடித்துவைப்பது!

‘‘பிளாக்குல விரிசல் இருந்தா நானே இரும்புக்குப் போடச் சொல்லிருவேன். இது தேய்மானம்தாண்ணே’’ என்றார் மெக்கானிக்.

தேய்மானம் என்றதும் என் காது நிமிர்ந்தது. பி.காம். படித்தவனாச்சே! வருஷா வருஷம் மீதி மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கழிப்போம். எத்தனை வருஷம் கழித்தாலும் கணக்கில் ஏதோ கொஞ்சம் மிஞ்சி நிற்கும். பூஜ்யத்தைத் தொடவே தொடாது.

ஓனர் மனசில் என்ன கணக்கு ஓடியதோ... வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்:

‘‘இறக்கிருப்பா. மலைக்கு ஆள் போகணும்ல!’’