கஷாயமும் மாத்திரையும்: மன்னார்ப் பாதை தரும் பாடம்

மன்னாரின் வரலாற்றை எழுதியோர் முத்துக் குளிப்பைப் பற்றி எழுதினர். மாதோட்டத் துறைமுகத்தைப் பற்றியும் எழுதினர். அந்த மணலில் நடந்து சென்ற உழைப்பாளரின் உடலைப் பற்றி எழுதியோர் மிகச் சிலர். அவ்வுடலுக்கு அளிக்கப்பட்ட மருந்து அதனுள் எவ்வளவு சேர்கிறது என்னும் கேள்வியும் வரலாற்றுக் கேள்வியே.

19 ஆம் நூற்றாண்டில் கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தமிழ்நாட்டின் ஏழை மக்கள் தோணிகளில் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். வாந்திபேதியும் அம்மையும் மலேரியாவும் அவ்வழியில் பலரைப் பலிகொண்டன.

மலேரியாவுக்கு அந்நாளைய மேல்நாட்டு மருந்து கொயினா. ஏழையின் மருந்தோ கொத்தமல்லியும் சுக்கும் வேப்பம்பட்டையும் இட்டுக் காய்ச்சிய கஷாயம். பட்டைகளிலும் இலைகளிலும் துவர்ப்பைத் தருவது டானின் என்னும் பொருள். அது கொயினாவைப் பற்றிக்கொண்டு, எளிதில் கரையாத கூட்டுப்பொருளாக மாற்றிவிடும். கசப்புத் தெரியாதிருக்க வேண்டிக் குழந்தைகளுக்கு இக்கூட்டுப்பொருளையே மருந்தாகக் கொடுத்ததும் உண்டு. கரையாததால் நாவில் கசப்பு இல்லை. கரையாததாலேயே இரத்தத்தில் அது சேர்வதும் குறைவு.

1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1914 இல் தலைமன்னாருக்கு இரயிலும், தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் வந்தன. பயணம் எளிதாயிற்று; தோட்ட வாழ்வு எளிதாகவில்லை. கொக்கிப்புழு உழைப்பாளரின் குருதியைக் குடித்தது. 1916 இல் ராக்பெல்லர் நிறுவனம் தோட்டங்களில் அப்புழுவை ஒழிக்கும் பணியைத் தொடங்கியது. புழுவை வெளியேற்றினால் மட்டும் போதாது. இழந்த குருதி மீண்டும் ஊறுவதற்கு இரும்புச்சத்து வேண்டும்.

இங்கேதான் தேயிலை குறுக்கே வருகிறது. தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 1975 இல் வெளியாயிற்று. சோற்றுணவுடன் தேநீர் அருந்தியபோது, உடல் ஏற்றுக்கொண்ட இரும்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. இரும்பு உப்பின் கரைசலைக் குடித்தபோதும் தேநீர் அதைத் தடுத்தது. 'மூலிகைத் தேநீர் தீங்கற்றது' என்போருக்கு 1999 இல் வெளியான ஆய்வு விடை கூறுகிறது: புதினாத் தேநீர் இரும்பு சேர்வதை 84 விழுக்காடு தடுத்தது, சீமைச் சாமந்தித் தேநீர் 47 விழுக்காடு தடுத்தது.

1964 ஒப்பந்தத்தின்பின், குடியுரிமை மறுக்கப்பட்ட அவ்வுழைப்பாளரின் சந்ததியினர் பல்லாயிரவர் அதே தலைமன்னாரில் கப்பலேறி நாடு நீங்கினர். உலகுக்குத் தேநீர் வழங்கிய கைகள் தம் உடலின் சோகையைச் சுமந்தே சென்றன. அச்சோகைக்குத் தேநீரை மட்டும் குற்றஞ்சாட்டுவது நேர்மையாகாது. குறைந்த கூலியும் அரைவயிற்று உணவுமே முதற்காரணங்கள். ஆயினும் கொடுக்கும் மருந்தையேனும் வீணாக்காதிருத்தல் நம் கடமையன்றோ?

கஷாயம் காய்ச்சும் தாயை அறிவிலி என்று இகழ்வோருடன் நாம் சேரமாட்டோம். இரும்பு மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே இரண்டு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும் என்பதை அவளுடைய மொழியில் சொல்வோம். நீ என்ன அருந்துகிறாய் என்று மருத்துவர் அவளைக் கேட்கட்டும். அறிவியலை வகுப்பறைக்குள் பூட்டி வைக்காமல், ஆசிரியரும் மாணவரும் அவள் அடுப்படிவரை கொண்டு செல்லட்டும். எத்தனை மாத்திரை வழங்கினோம் என்று ஏடுகள் கணக்குச் சொல்லலாம். எவ்வளவு உடலில் சேர்ந்தது என்பதே மக்களின் கணக்கு.