இரண்டு காலேஜுக்கும் போனவர்கள்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கே செல்வது என்னும் வழக்கு நம் இல்லத்தில் எழுந்தது. பதினைந்து வயது மகளும் பதின்மூன்று வயது மகனும் இருக்கும் வீட்டில் இவ்வழக்கு எளிதில் தீர்வதில்லை. சிறுவர் பூங்காவின் ஊஞ்சலைக் கடந்துவிட்ட பருவம். தனியே ஊர் சுற்ற விடுவதற்கும் மனம் வராத பருவம். மகள் வணிக வளாகம் என்றாள். மகன் திரைப்படம் என்றான். ஓரமாக நாளிதழ் வாசித்துக்கொண்டிருந்த நம் தந்தையார், "செத்த காலேஜுக்குப் போலாமே, நான் பார்த்து முப்பது வருசமாச்சு" என்றார்.

மகன் வாய்விட்டுச் சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. "மியூசியத்துக்கு ஏன் தாத்தா காலேஜுன்னு பேரு?" என்று கேட்டாள். அவர் வாய் திறக்கும் முன்பே நாம் முந்திக்கொண்டோம். படிப்பறிவில்லாத மக்கள், பெரிய கட்டடம் எதைக் கண்டாலும் காலேஜ் என்று சொல்லிவிட்டார்கள் என்பது நாம் அளித்த விளக்கம். கல்லூரியில் தமிழ் பயிற்றுவிப்பவரின் வாக்கு என்பதால் அவ்விளக்கம் அங்கீகரிக்கவும் பட்டது. தந்தையார் மட்டும் சிறிது நேரம் கழித்து, "நான் ரெண்டு காலேஜுக்கும் போனவன்மா" என்று பேத்தியிடம் மெல்லச் சொன்னார். அவர் புளியந்தோப்பில் ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்.

நாம் அளித்த விளக்கம் பிழையானது. அப்பிழையை உணர்ந்த கதையே இக்கட்டுரை.

சென்னையின் பழைய குடிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், சென்ட்ரல் நிலையத்தை அடுத்திருந்த விலங்குக் காட்சிசாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும் வழங்கினர். இதை ஒரு நகைச்சுவையாகவே பலரும் நினைவுகூர்வர். ஆனால் அருங்காட்சியகம் பிறந்த இடம் மெய்யாகவே ஒரு காலேஜ்தான்.

1812-இல் பிரான்சிஸ் வைட் எல்லிஸின் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றிற்று. தமிழ் உரைநடை வரலாறு படித்தோர் இதனைச் சென்னைக் கல்விச் சங்கம் என்ற பெயரால் அறிவர். இங்கிலாந்திலிருந்து வந்த இளம் அதிகாரிகளுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிக்க எழுந்த அமைப்பு அது. சிதம்பரப் பண்டாரம், முத்துசாமிப் பிள்ளை, தாண்டவராய முதலியார் எனத் தமிழறிஞர் பலர் அதனோடு தொடர்புடையவர்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியினின்று பிறந்தவை அல்ல, அவை ஒரு தனிக் குடும்பம் என்னும் கருத்தை எல்லிஸ் எழுதி அச்சேற்றியது 1816-இல். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவருவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பு. நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலை இந்தக் கல்லூரியால் பெயர் பெற்றதே. அருகில் பின்னாளில் எழுந்த கல்லூரிகளைக் கொண்டு அப்பெயர் வந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். நம் மாணவர்களும் அப்படித்தான் எண்ணுகிறார்கள்.

அக்கல்லூரியின் மாடியில்தான் 1851-இல் சென்னை அருங்காட்சியகம் தொடங்கிற்று. தொடக்க நாளில் அங்கிருந்தவை பெரும்பாலும் கற்களும் கனிமங்களும். ஏறக்குறைய 1,100 நிலவியல் மாதிரிகள். எட்வர்டு கிரீன் பால்ஃபர் என்ற மருத்துவர் பொறுப்பேற்றார். வேடிக்கை பார்க்க வந்த ஊரார் காலேஜுக்குப் போனோம் என்றார்கள். அவர்கள் போனது காலேஜுக்கே. 1854-இல் அருங்காட்சியகம் பாந்தியன் சாலைக்குப் பெயர்ந்தது. பெயரும் அதனோடு குடிபெயர்ந்தது. அவ்வளவே நிகழ்ந்தது. சென்னைக் கல்விச் சங்கத்தைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பில் பாடம் நடத்தும் நாம், அந்தக் காலேஜையும் இந்தக் காலேஜையும் ஒருமுறையேனும் இணைத்துப் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற புளியந்தோப்புக்காரர் வாயில் வரலாறு பிழையின்றி இருந்தது. நம் வாயில்தான் திரிந்தது.

இன்னொன்றையும் இங்கே எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. கல்கத்தாவில் அருங்காட்சியகத்துக்கு மக்கள் வழங்கும் பெயர் ஜாதுகர், அதாவது மாய வீடு. லாகூரில் அஜாயிப் கர், வியப்புகளின் வீடு. சென்னை மக்கள் வழங்கிய பெயரில் மாயமும் இல்லை, வியப்பும் இல்லை, படிப்பு இருக்கிறது. முதலில் அது வெறும் இடப்பெயர்தான். ஆயினும் இடம் மாறிய பிறகும் நூறாண்டுகளுக்கு மேல் ஒரு பெயர் நிலைத்து நிற்குமானால், வழங்கியோர் மனத்தில் அது பொருந்தியிருக்க வேண்டும் அன்றோ?

'செத்த' என்பதும் 'உயிர்' என்பதும் வந்த விதம் இன்னும் சுவையானது. 1855-இல் பால்ஃபர் கர்நாடக நவாபின் விலங்குத் தொகுதியை அருங்காட்சியகத்துக்குப் பெற்றார். உயிருள்ள விலங்குகள் வந்ததும் கூட்டம் பெருகிற்று. அடுத்த ஆண்டிலேயே பாலூட்டிகளும் பறவைகளும் ஊர்வனவுமாக 300-க்கும் மேற்பட்டவை அங்கிருந்தன. ஆக, சில ஆண்டுகள் உயிருள்ளதும் உயிரற்றதும் ஒரே வளாகத்தில் இருந்தன. மதில் ஒன்றே, காலேஜும் ஒன்றே. 1860-களின் தொடக்கத்தில் விலங்குகள் நகராட்சியின் பொறுப்பில் பீப்பிள்ஸ் பார்க்குக்கு அனுப்பப்பட்டன. அதன்பின் காலேஜ் இரண்டாயிற்று. எந்தக் காலேஜ் என்று பிரித்துச் சொல்ல அடைமொழி தேவைப்பட்டது. இலக்கணம் பயின்றோர் இதை இனச்சுட்டுள்ள அடைமொழி என்பர். அதை ஆக்கியவர்கள் நன்னூல் பார்த்தவர்கள் அல்லர்.

பீப்பிள்ஸ் பார்க் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யனின் எண்ணத்தில் உருவானது. அவர் சென்னையில் இருந்தது 1859, 1860 ஆகிய ஆண்டுகளில் சிறிது காலமே. 116 ஏக்கர் பரப்பு, குளங்கள், சாலைகள், இசைமேடை என விரிந்த அப்பூங்காவின் நிலத்தில்தான் பிற்காலத்தில் விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு விளையாட்டரங்கம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பூங்கா சுருங்கிச் சுருங்கி மறைந்தது. கோட்டையை ஒட்டிய பழைய நகரின் நெருக்கத்தில் வாழ்ந்த குடும்பங்கள் மூச்சுவிட ஒரு வெளி வேண்டும் என்று தொடங்கிய இடம் அது. விலங்குகளைக் காணக் கட்டணம் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அங்கே யார் யார் வந்திருப்பர் என்று விளங்கும்.

அவ்விடத்து மகிழ்ச்சியின் வரலாற்றில் ஒரு கரிய நாளும் உண்டு. ஆண்டு முடிவில் பூங்காவில் நடைபெறும் கண்காட்சியில், 1886-இன் கடைசி நாளன்று தீப்பற்றி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். வேடிக்கை பார்க்க வந்த குடும்பங்கள் அவை. இன்று அவ்வழியே புறநகர் ரயிலுக்கு ஓடுகின்ற பல்லாயிரவருள் இதை அறிந்தவர் மிகச் சிலரே.

தந்தையாரின் பதின்பருவம் 1960-ஐ ஒட்டியது. காணும் பொங்கலன்று புளிசாதத்தைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு குடும்பமே கால்நடையாகப் புறப்படுமாம். முதலில் உயிர்க் காலேஜ். அடுத்து, மதிலை ஒட்டினாற்போல் மூர் மார்க்கெட். 1900-இல் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் அங்காடியில் பழைய புத்தகம், இசைத்தட்டு, புறா, வண்ணமீன், உதிரி இயந்திரம் என எதுவும் கிடைக்கும். எதுவும் வாங்காமல் நாளெல்லாம் நிற்கவும் கூடும். பதினான்கு வயதுப் பையனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு பழைய பூகோளப் படநூலை இரண்டு காணும் பொங்கலாகப் பார்த்துப் பார்த்து, மூன்றாவது ஆண்டில் வாங்கியதாகச் சொன்னார். மாலையில் எழும்பூர் வரை நடந்து செத்த காலேஜ். கால் வலித்த சிறுவர்கள் பெரியவர் தோளில். 1985-இல் மூர் மார்க்கெட் தீயில் அழிந்தது. விலங்குக் காட்சிசாலை வண்டலூருக்குப் போனதும் அதே ஆண்டில்தான். அப்போது நாம் பள்ளியில்கூடச் சேராத குழந்தை. இரண்டில் எதையும் கண்ட நினைவில்லை.

இக்கூட்டத்தைப் பற்றி ஆட்சியாளர் கொண்டிருந்த கருத்தும் பதிவாகியுள்ளது. 1885 முதல் 1908 வரை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் பெரிய உழைப்பாளி. தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளால் அறியப்பட்டவர். வருவோரில் பெரும்பாலார் அருங்காட்சியகத்தைத் தமாஷா வீடாகக் கருதுகிறவர்கள், கண்ணைக் கவர்ந்தால் போதும், எதைக் காட்டினாலும் அவர்களுக்கு ஒன்றே என்பது அவர் எண்ணம். படித்தபோது நமக்குச் சினம் வந்தது. பிறகு, ஞாயிற்றுக்கிழமை நாம் மகளிடம் சொன்னதும் ஏறத்தாழ இதுவே என்பது நினைவுக்கு வர, சினம் அடங்கிற்று.

வேடிக்கை பார்ப்பதை இழிவென்று கருதுவது நம் மரபும் அன்று. மணிமேகலையில் மலர்வனம் புக்க காதையை எடுத்துக்கொள்வோம். இளம்பெண் ஒருத்தி தோழியுடன் புகார் நகரத் தெருக்களின் வழியே ஒரு பூங்காவுக்குச் செல்கிறாள். இன்றைய சொல்லில் பதின்பருவத்தினரின் நகர்வலம். வழிநெடுக மக்கள் குழுமி நிற்கின்றனர். பித்தனைப் பார்ப்போர் சிலர், கூத்துப் பார்ப்போர் சிலர். உயர்ந்த மனைகளின் சுவரில் தேவர் தொட்டு எல்லா உயிர்களும் எழுதப்பட்ட ஓவியங்களைக் கண்டு நிற்போர் வேறு சிலர். சாத்தனார் துறவை உயர்த்திப் பேச வந்த புலவர். எனினும் சுவரோவியத்தின் முன் நின்ற கூட்டத்தை அவர் எள்ளவில்லை. நின்று பார்த்தார்கள் என்று எழுதினார், அவ்வளவே. எல்லா உயிர்களையும் ஓரிடத்தில் கண்டு நிற்பது என்றால் அதுவும் ஒரு செத்த காலேஜ்தானே என்று நம் மகள் பின்னர்க் கேட்டாள். மறுமொழி சொல்ல நமக்குத் துணிவில்லை. இம்முறை அவசரப்படவும் இல்லை.

அந்த ஞாயிறன்று சென்றது எழும்பூருக்கே. தந்தையார் நேராக விலங்கியல் கூடத்தை அடைந்து திமிங்கில எலும்புக்கூட்டின் முன் நின்று, "அப்படியே இருக்கு" என்றார், பழைய நண்பரைக் கண்டவர் போல. மகன் வாள்களிடமும் துப்பாக்கிகளிடமும் போய்ச் சேர்ந்தான். செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன் நாம் நம் வழக்கப்படி ஒரு சொற்பொழிவைத் தொடங்க, இருவரும் தந்திரமாக நழுவினார்கள். பதின்பருவத்தாருக்கு விளக்கம் கூறலாகாது, வழிவிட வேண்டும் என்பதை அங்கே கற்றோம். மகளைத் தேடியபோது அவள் தொல்பழங்காலக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பேழையில் முகம் பதித்திருந்தாள். இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவியால் இந்நாட்டின் பழைய கற்கால ஆராய்ச்சி தொடங்கிற்று. அவர் ஆயுள் முழுதும் திரட்டியவை 1904-இல் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்தன. "பல்லாவரம்னா நம்ம பல்லாவரமா?" என்று கேட்டாள். அவளுடைய வகுப்புத் தோழியின் வீடு அங்கேதான்.

தந்தையார் அருகே வந்தார். இரண்டு காலேஜுக்கும் என்ன வேறுபாடு என்று அவரிடம் கேட்டோம். இந்தக் கேள்வியை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கலாம். "அங்க புலி எப்படி நடக்குதுன்னு பார்க்கலாம். இங்க புலிக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கலாம். ரெண்டையும் பார்த்தாத்தான் புலி" என்றார். பால்ஃபர் ஒரே வளாகத்தில் இரண்டையும் வைத்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

குடும்பத்தோடு செல்வதற்குச் சென்னையில் வேறு இடங்கள் இல்லாமல் இல்லை. கிண்டிப் பாம்புப் பண்ணை 1972 முதல் அங்கிருக்கிறது. கோட்டூர்புரத்துக் கோளரங்கம் 1988-இல் வந்தது. 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நம் மாணவர்கள் பலர் பகலெல்லாம் தங்குகின்றனர். கடற்கரையில் 1909-இல் திறக்கப்பட்ட மீன் காட்சியகம் ஒன்று இருந்து மறைந்தது. வணிக வளாகத்தின்மீதும் நமக்குப் பகையில்லை. அடுத்த வாரம் மகளின் விருப்பப்படி அங்கும் சென்றோம், தந்தையார் நகரும் படிக்கட்டில் இருமுறை ஏறி இறங்கினார்.

ஆயினும் உயிர்க் காலேஜ் என்ற சொல்லை இப்போது எங்கும் கேட்க முடிவதில்லை. வண்டலூர்ப் பூங்காவை எவரும் அப்பெயரால் அழைத்து நாம் கேட்டதே இல்லை. பழைய இடத்தைவிடப் பன்மடங்கு பரந்தது, விலங்குகளுக்கு நிச்சயமாக நல்லது. இரும்புக் கூண்டில் அடைபட்ட பழைய புலிக்காக நாம் ஏங்கவில்லை. பொங்கல் விடுமுறையில் அங்கே செல்லலாம் என்று மகள் சொன்னபோது, "அப்போ அடுத்து உயிர்க் காலேஜ்" என்றான் மகன், இந்த முறை சிரிக்காமல்.

தந்தையார் தலையசைத்தார். "வண்டலூரா? அது ஜூப்பா. அங்க நடந்து போக முடியாதே."