இணையப் போக்கர் போட்டிகள்: ஏற்றமும் இறக்கமும்

போக்கர் போட்டி, பணம் வைத்து ஆடும் மற்றச் சீட்டாட்டங்களிலிருந்து அமைப்பிலேயே வேறுபட்டது. சாதாரணப் போக்கர் மேசையில் இருப்பவர் நினைத்த நேரத்தில் எழுந்து, கையில் மிஞ்சிய பணத்தோடு போய்விடலாம். போட்டியில் அதற்கு இடமில்லை. எல்லோரும் ஒரே நுழைவுக் கட்டணம் கட்டி, ஒரே அளவு சில்லுகளோடு தொடங்குகிறார்கள். சில்லுகள் தீர்ந்தவர் வெளியேற வேண்டும். சீட்டைப் பார்க்கும் முன்பே வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உயர்ந்துகொண்டே போகும். அதனால் நல்ல சீட்டு வரட்டும் என்று ஒதுங்கியிருப்பவரின் சில்லுகளும் கரையும். எல்லாச் சில்லுகளும் ஒருவரிடம் சேரும்போது போட்டி முடிகிறது. நடத்துபவரின் கழிவு போக மிஞ்சும் தொகை, கலந்துகொண்டவர்களில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டினருக்கே கிடைக்கும். அதிலும் பெரும்பங்கு இறுதி மேசையை எட்டிய சிலருக்குப் போய்விடும். சிறிய கட்டணம், பெரிய பரிசு, மிகச் சிலருக்கே வெற்றி என்ற இந்த அமைப்புதான் இணையப் போக்கரின் வளர்ச்சிக்கும் அது கண்ட சரிவுகளுக்கும் அடிப்படை.

லாஸ் வேகஸில் தொடக்கம்

1970இல் லாஸ் வேகஸின் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியின் உரிமையாளர் பென்னி பினியன், பேர்பெற்ற ஆட்டக்காரர்கள் சிலரை அழைத்து ‘உலகப் போக்கர் தொடர்’ என்ற பெயரில் ஆட வைத்தார். முதல் ஆண்டு வெற்றியாளரான ஜானி மாஸ், உடன் ஆடியவர்களின் வாக்கெடுப்பால் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டுதான், சில்லுகள் தீர்ந்தவர் வெளியேறும் போட்டி முறை வந்தது. அதிலும் மாஸே வென்றார். 1972 முதல் முதன்மைப் போட்டியின் கட்டணம் 10,000 டாலர். ஆட்ட வகை டெக்ஸாஸ் ஹோல்டம். ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைசீட்டுகள், மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகள் என்பது அதன் முறை.

10,000 டாலரை எல்லோராலும் புரட்ட முடியவில்லை. எனவே சிறு தொகை கட்டி ஆடும் தகுதிப் போட்டிகள் தோன்றின. ‘சேட்டிலைட்’ எனப்படும் இவற்றில் வெல்பவருக்குப் பணத்துக்குப் பதிலாகப் பெரிய போட்டியில் இடம் கிடைக்கும். 1983இல் டாம் மெக்இவாய், இந்த வழியாக நுழைந்து பட்டத்தை வென்ற முதல் ஆளானார். அந்த ஆண்டு கலந்துகொண்டவர்கள் 108 பேர். 2002இல் அது 631 ஆகியிருந்தது. இருபது ஆண்டு வளர்ச்சி அவ்வளவுதான்.

இணையத்துக்கு வந்த சீட்டுக்கட்டு

1998 சனவரி 1 அன்று ‘பிளானட் போக்கர்’ என்ற தளம் உண்மையான பணத்துக்கு முதல் ஆட்டத்தை நடத்தியது. கண்ணால் பார்க்க முடியாத சீட்டுக்கட்டை ஆட்டக்காரர் எப்படி நம்புவது என்ற கேள்வி உடனே எழுந்தது. 52 சீட்டுகளை அடுக்கக்கூடிய விதங்களின் எண்ணிக்கை 68 இலக்கங்கள் கொண்டது. ஆனால் அத்தளம் பயன்படுத்திய மென்பொருள், கணினிக் கடிகாரத்தில் நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிநொடிகளைக் கொண்டே சீட்டைக் கலைத்தது. ஒரு நாளில் 8 கோடியே 64 லட்சம் மில்லிநொடிகள்தான் உண்டு. எனவே கட்டு அமையக்கூடிய விதங்களும் அவ்வளவாகச் சுருங்கிவிட்டன. 1999இல் மென்பொருள் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிலர், தங்கள் மறைசீட்டுகளையும் மேசையில் விழுந்த முதல் பொதுச்சீட்டுகளையும் வைத்து, மற்றவர் கையில் இருப்பதையும் இனி வரப்போவதையும் கணித்துக் காட்டினார்கள். குறை திருத்தப்பட்டது. சீட்டு கலைக்கும் நிரலை வெளியார் சோதித்துச் சான்று தர வேண்டும் என்ற வழக்கத்துக்கு இத்தகைய நிகழ்வுகளே காரணமாயின.

2001இல் ஐசாய் ஷைன்பெர்க் தொடங்கிய ‘போக்கர்ஸ்டார்ஸ்’ போட்டிகளில் தனிக்கவனம் செலுத்தியது. நூற்றுக்கணக்கான மேசைகளை ஒரே நேரத்தில் நடத்துவதும், ஆட்கள் வெளியேற வெளியேற மேசைகளைச் சமன் செய்வதும், பரிசை உடனுக்குடன் கணக்கில் சேர்ப்பதும் கணினிக்கு எளிய வேலைகள். மண்டபமும் சீட்டுப் போடும் ஊழியர்களும் தேவைப்படாததால் ஒரு டாலர் கட்டணத்தில்கூடப் போட்டி நடத்த முடிந்தது.

2003: ஒரு கணக்கரின் வெற்றி

டென்னசியைச் சேர்ந்த கணக்கர் கிறிஸ் மணிமேக்கர், போக்கர்ஸ்டார்ஸில் 86 டாலர் தகுதிப் போட்டி ஒன்றை வென்று 2003 உலகப் போக்கர் தொடருக்குப் போனார். 839 பேர் ஆடிய அந்தப் போட்டியில், தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரரான சாம் ஃபர்ஹாவை இறுதியில் வீழ்த்தி 25 லட்சம் டாலர் பரிசு பெற்றார்.

இந்த வெற்றி பரவுவதற்குத் தொலைக்காட்சி பெரிதும் உதவியது. போக்கரைப் பார்ப்பது அதுவரை சலிப்பான வேலை. யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்வையாளருக்குத் தெரியாது. ஹென்றி ஓரன்ஸ்டீன் காப்புரிமை பெற்ற மறைசீட்டுக் கேமரா அந்தத் திரையை விலக்கியது. மோசமான சீட்டோடு ஒருவர் துணிந்து பந்தயம் கட்டி, நல்ல சீட்டு வைத்திருப்பவரைப் பின்வாங்கச் செய்வதை வீட்டில் இருப்பவர்கள் பார்த்தார்கள்.

முதன்மைப் போட்டியில் கலந்துகொண்டவர்களின் எண்ணிக்கை 2004இல் 2,576, 2005இல் 5,619, 2006இல் 8,773 என உயர்ந்தது. 2006இல் முதல் பரிசு 1.2 கோடி டாலர். வந்தவர்களில் பெருந்தொகையினர் இணையத் தகுதிப் போட்டிகளில் இடம் பிடித்தவர்கள். அதே 2006இல் போக்கர்ஸ்டார்ஸ் வாரந்தோறும் நடத்தத் தொடங்கிய ‘சண்டே மில்லியன்’ இணையப் போட்டிகளின் அடையாளமாயிற்று. 2011 டிசம்பரில் அதன் சிறப்புப் பதிப்பு ஒன்றில் 62,116 பேர் ஆடினார்கள்.

ஆடும் விதமும் மாறியது. நேரடி மேசையில் மணிக்கு ஏறத்தாழ முப்பது ஆட்டங்கள் நடந்தால், இணையத்தில் அதன் இருமடங்கும் அதற்கு மேலும் நடக்கும். பழகியவர்கள் பத்துப் பன்னிரண்டு மேசைகளைத் திரையில் ஒன்றாகத் திறந்து வைத்து ஆடினார்கள். ஒரு தலைமுறை இருபது ஆண்டுகளில் பெற்ற அனுபவத்தை அடுத்த தலைமுறை ஓரிரு ஆண்டுகளில் பெற்றது. நார்வேயின் அனெட் ஓப்ரஸ்தாத் இணையத்தில் ஆடி வளர்ந்தவர். 2007இல் லண்டனில் நடந்த உலகப் போக்கர் தொடரின் ஐரோப்பியப் பதிப்பில் முதன்மைப் போட்டியை வென்று 10 லட்சம் பவுண்டு பெற்றபோது அவருக்கு வயது 18.

வெற்றியின் கணக்கு

இத்தகைய வெற்றிகள் செய்தியாயின. தோற்றவர்களின் கணக்கு செய்தியாகவில்லை. ஆயிரம் பேர் ஆடும் போட்டியில், மற்றவர்களைவிட இருமடங்கு வெற்றி வாய்ப்புள்ள திறமைசாலி ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். சராசரியாக 500 போட்டிகளுக்கு ஒருமுறை அவர் முதலிடம் பெறுவார். ஆயினும் 500 போட்டிகள் ஆடிய பிறகும் ஒருமுறைகூட முதலிடம் பெறாமலிருக்க 37 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆயிரம் போட்டிகளுக்குப் பிறகும் 13 விழுக்காட்டுக்கு மேல் அந்த வாய்ப்பு எஞ்சியிருக்கும்.

ஒரே போட்டிக்குள்ளும் இதே நிலைதான். இரண்டு ஏஸ் வைத்திருப்பவர், இரண்டு ராஜா வைத்திருப்பவருக்கு எதிராகச் சில்லுகள் அனைத்தையும் வைத்தால் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 82 விழுக்காடு. அவ்வளவு சாதகமான மோதல் ஐந்து முறை வந்தால், ஐந்திலும் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு 37 விழுக்காடுதான். சரியாக ஆடியவர் மாதக்கணக்கில் தோற்பதும், தவறாக ஆடியவர் ஒரே இரவில் பெரும்பரிசு பெறுவதும் இந்த அமைப்பில் இயல்பானவை. தோல்வி திறமைக் குறைவாலா, சீட்டின் போக்காலா என்று பிரித்தறிய ஆயிரக்கணக்கான போட்டிகளின் பதிவு வேண்டும். அதற்குள் பலருடைய கைப்பணம் தீர்ந்துவிடும்.

இதைச் சமாளிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் சில வழிகளை வகுத்துக்கொண்டார்கள். ஆட்டத்துக்கென்று தனி முதல் ஒதுக்கி, அதில் ஒன்று அல்லது இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஒரே போட்டியில் கட்டுவதில்லை என்பது பரவலான விதி. தன் வெற்றியில் பங்கு தருவதாகச் சொல்லி மற்றவரிடம் கட்டணப் பணம் பெறுவது இன்னொரு வழி. கடன் வாங்கியோ வீட்டுச் செலவுப் பணத்தை எடுத்தோ ஆடியவர்களுக்கு இந்த அரண் எதுவும் இருக்கவில்லை. இழந்ததை அன்றே மீட்க வேண்டும் என்று அடுத்தடுத்த போட்டிகளில் நுழைவதற்கு இணையம் இரவும் பகலும் திறந்திருந்தது.

சட்டமும் மோசடியும்

2006 அக்டோபர் 13 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், துறைமுகப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றில் கையெழுத்திட்டார். அதனோடு இணைத்து நிறைவேற்றப்பட்ட பிரிவுகள், சட்டவிரோத இணையச் சூதாட்டத்துக்கான பணப் பரிமாற்றத்தைத் தடை செய்தன. அதுவரை முன்னணியில் இருந்த பார்ட்டிபோக்கர் தளத்தின் உரிமை நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தது. அது அமெரிக்காவை விட்டு விலகியது. அதன் பங்குகள் ஒரே நாளில் பாதிக்கு மேல் மதிப்பிழந்தன. போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட் முதலிய தனியார் நிறுவனங்கள் தொடர்ந்து இயங்கி அந்த இடத்தைப் பிடித்தன.

2007இல் ‘ஆப்சலூட் போக்கர்’ தளத்தில் ஒரு போட்டியை வென்றவரின் ஆட்டம் ஐயத்தைக் கிளப்பியது. இரண்டாம் இடம் பெற்றவர் தன் ஆட்டப் பதிவைக் கேட்டபோது, நிறுவனம் அனுப்பிய கோப்பில் எல்லோருடைய மறைசீட்டுகளும் இருந்தன. ஆட்டக்காரர்கள் அதை ஆராய்ந்து, மற்றவர் சீட்டுகளைப் பார்க்கும் வசதி கொண்ட உள்கணக்கு ஒன்று இருந்ததை வெளிப்படுத்தினார்கள். அத்தளத்துக்கு உரிமம் தந்த கனடாவின் கானவாகே ஆணையம் 5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

எல்லாவற்றிலும் பெரிய அடி 2011 ஏப்ரல் 15 அன்று விழுந்தது. போக்கர் உலகம் அதைக் ‘கறுப்பு வெள்ளி’ என்றே அழைக்கிறது. நியூயார்க் தெற்கு மாவட்ட அரசு வழக்கறிஞர் பிரீத் பராரா, போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், ஆப்சலூட் போக்கர் ஆகியவற்றை நடத்தியவர்கள் உட்பட 11 பேர் மீது குற்றச்சாட்டுகளை வெளியிட்டார். சூதாட்டப் பணத்தை நகை, கோல்ஃப் பந்து விற்பனை எனக் காட்டி வங்கிகள் வழியாகக் கடத்தினார்கள் என்பது அவற்றில் ஒன்று. அதன்பின் வெளியான செய்தி இன்னும் மோசமானது. ஃபுல் டில்ட் நிறுவனம் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது ஏறத்தாழ 39 கோடி டாலர். வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. ஆட்டக்காரர்களின் இருப்புப் பணம் உரிமையாளர்களுக்குப் பங்காகப் போயிருந்தது. போக்கர்ஸ்டார்ஸ் தன் ஆட்டக்காரர்களின் பணத்தைத் தனியே வைத்திருந்ததால் அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு விரைவில் திருப்பித் தந்தது. 2012இல் 73.1 கோடி டாலருக்கு அரசோடு உடன்பாடு செய்து ஃபுல் டில்ட்டையும் வாங்கியது. ஃபுல் டில்ட்டின் அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014இல்தான். ஆடி இழக்காத பணத்தையும் இழக்க நேரும் என்பதை அந்த மூன்று ஆண்டுகள் உணர்த்தின.

கணினியோடு போட்டி

2013 முதல் நெவாடா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் உரிமம் தந்து இணையப் போக்கரை அனுமதித்தன. அதே காலத்தில் ஆட்டத்தின் அறிவே மாறிக்கொண்டிருந்தது. 2017 சனவரியில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் ‘லிப்ராட்டஸ்’ நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 ஆட்டங்களில் தோற்கடித்தது. 2019இல் ‘புளூரிபஸ்’ ஆறு பேர் மேசையிலும் வென்றது. சிறந்த ஆட்டம் எது எனக் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள்கள் கடைக்கு வந்தன. பயின்றவர்களுக்கும் புதியவர்களுக்கும் இடையிலான தூரம் கூடியது. ஆடும்போதே இத்தகைய மென்பொருளை இரகசியமாகப் பயன்படுத்துபவர்களைக் கண்டுபிடிப்பது தளங்களின் தலையாய வேலையாயிற்று.

2020இல் கொரோனா பெருந்தொற்றால் விடுதிகள் மூடப்பட்டபோது உலகப் போக்கர் தொடரே இணையத்துக்கு வந்தது. ஜிஜிபோக்கர் தளத்தில் 5,000 டாலர் கட்டணத்தில் நடந்த முதன்மைப் போட்டியில் 5,802 நுழைவுகள் பதிவாகி, 2.75 கோடி டாலருக்கு மேல் பரிசுத்தொகை திரண்டது. பல்கேரியாவின் ஸ்டோயன் மதன்ஜியெவ் வென்றார்.

தமிழ்நாட்டிலும் இந்தியாவிலும்

இந்தியாவில் கேள்வி வேறு வடிவம் எடுத்தது: போக்கர் திறமை ஆட்டமா, சூதாட்டமா? ரம்மி பெரிதும் திறமை சார்ந்தது என்று 1968இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அந்தத் தீர்ப்பின் நிழலில் இணையத் தளங்கள் வளர்ந்தன. போக்கரைப் பொறுத்தவரை மாநிலங்கள் ஒன்றுபடவில்லை. நாகாலாந்து அதைத் திறமை ஆட்டமாக ஏற்று உரிமம் தந்தது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் மாறான முடிவெடுத்தது.

தமிழ்நாட்டில், இணைய ரம்மியில் பணமிழந்தவர்களின் தற்கொலைகள் தடைக் கோரிக்கையை எழுப்பின. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்த 2021ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் நீக்கியது. நீதியரசர் கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் நிறைவேறிய மசோதா ரம்மியையும் போக்கரையும் பெயர் சொல்லித் தடுத்தது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் அது சட்டமானது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், ரம்மிக்கும் போக்கருக்குமான தடையை நீக்கியது. அவற்றுக்கு நேரக் கட்டுப்பாடு முதலியவற்றை அரசு விதிக்கலாம் என வழிவிட்டது. அதன்படி 2025 பிப்ரவரியில் வந்த விதிகள், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடத் தடையும் ஆதார் வழிச் சரிபார்ப்பும் கொண்டிருந்தன. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அவற்றை உறுதி செய்தது.

இரண்டு மாதங்களில் இந்த ஏற்பாட்டை மைய அரசின் சட்டம் முந்தியது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம், திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடின்றிப் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது வகை செய்தது. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. முன்னணித் தளங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

போக்கரில் திறமைக்கு இடமுண்டு என்பதைக் கணிதமும் ஆட்டப் பதிவுகளும் காட்டுகின்றன. அந்தத் திறமை பலன் தர ஆயிரக்கணக்கான போட்டிகளும், இழந்தாலும் வாழ்க்கை குலையாத முதலும், ஒப்படைத்த பணத்தைத் தொடாத நிறுவனமும் வேண்டும். மூன்றும் சேர்ந்து வாய்த்தவர்கள் எப்போதும் சிறுபான்மையினரே. 1998 முதல் இன்றுவரை ஒவ்வொரு ஏற்றமும் அந்தச் சிறுபான்மையினரில் ஒருவரின் வெற்றியைக் காட்டிப் பெரும்பான்மையினரை அழைத்தது. ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் கையாள வேண்டியிருந்தது அந்தப் பெரும்பான்மையினரின் இழப்பைத்தான்.