கள்ளக்கடத்தலும் சட்டமும்: பாக்கு நீரிணை தரும் பாடம்

வடமராட்சிக் கரையிலிருந்து கோடியக்கரைக்குத் தோணி விடுவது ஒரு காலத்தில் கௌரவமான தொழில். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் தாமே பாய்க்கப்பல் கட்டி வணிகம் செய்தார்கள். அவ்வூரில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

தீர்வை செலுத்தாமல் பொருள் இறக்குவது 1869ஆம் ஆண்டின் சுங்கக் கட்டளைச் சட்டப்படியே குற்றந்தான். எனினும் சுதந்திரத்தின் பின்னர்தான் வேலி உயர்ந்தது. 1948இல் குடிவரவு குடியகல்வுச் சட்டம், 1953இல் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1969இல் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1963இல் சட்டவிரோதக் குடியேற்றத்தைத் தடுக்கவென இராணுவத்தின் விசேட அணியொன்றும் வடகரையில் நிறுத்தப்பட்டது.

ஆயினும் சேலையும் பீடி இலையும் வந்துகொண்டேயிருந்தன. காரணம் எளிது. தடை ஒரு பொருளை அரிதாக்குகிறது; அரிதான பொருளின் விலை ஏறுகிறது; பிடிபடும் அபாயத்துக்கான கூலியும் அவ்விலையில் சேர்கிறது. சட்டம் கடுமையாகும்போது இலாபமும் பெருகுகிறது. அந்த இலாபம் முதல் போட்டவரிடம் தங்க, சிறைக்குப் போவது பெரும்பாலும் தோணியோட்டிதான். அரசுக்கோ சுங்க வருமானமும் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் மிளகாய், வெங்காய இறக்குமதி தடுக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்து விவசாயி தலைநிமிர்ந்தான். அக்காலத்தில் கல்வீடு கட்டியவர்களும் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களும் அநேகர். அந்த வேலியினால் வாழ்ந்தவர்கள் அவர்கள். 1977 நவம்பர் வரவுசெலவுத் திட்டம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. ரோந்துப் படகுகளால் முடியாததை அது செய்தது: கடைகளில் வெளிநாட்டுத் துணி தாராளமாகக் கிடைத்தபோது, சேலைக் கடத்தலின் கவர்ச்சி குன்றியது. ஆனால், அதே கதவால் வந்த மிளகாயும் வெங்காயமும் நம் தோட்டக்காரனை வீழ்த்தின. அவனுக்கு மாற்றுவழி காட்டுவார் இருக்கவில்லை.

இவை பழங்கதைகள் அல்ல. 2019 டிசம்பரில் மஞ்சள் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. உள்நாட்டு விளைச்சல் தேவைக்குப் போதவில்லை. 2020இல் ஒரு கிலோ மஞ்சள் ஆயிரக்கணக்கான ரூபா விலை போனது. இராமேஸ்வரம், மன்னார்க் கடற்பரப்பில் மஞ்சள் மூட்டைகள் பிடிபடத் தொடங்கின. கறிக்குப் போடும் பொருள் கடத்தற் பொருளாயிற்று!

அத்தகைய செய்திகளைப் பத்திரிகை மேசையில் நான் பல தடவை செப்பனிட்டிருக்கிறேன். எத்தனை கிலோ, எத்தனை பேர் கைது, யார் கைப்பற்றினர் என்பவை தவறாமல் இருக்கும். அக்கரையில் என்ன விலை, இக்கரையில் என்ன விலை என்ற வரி மட்டும் இராது. குற்றத்தின் வேர் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

போதைப்பொருளையும் ஆயுதத்தையும் இத்துடன் சேர்த்து நான் பேசவில்லை. அன்றாட நுகர்வுப் பொருளுக்குத் தடை விதிக்கும் அரசு, தடை விதிக்கும் நாளிலேயே இரண்டு கணக்குகளைப் பார்க்கவேண்டும்: தடை நீடிக்கையில் நுகர்வோர் என்ன விலை கொடுப்பார்? தடை நீங்குகையில் விவசாயி எங்கே போவான்? 1977இலும் 2019இலும் அக்கணக்கு பார்க்கப்படவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் தோணியோட்டியும் தோட்டக்காரனும் சமையலறைப் பெண்ணுமே.